வட்டில்லாச் சர்வர் விழித்தெழும் வகை

தோற்றுவாய்

உறங்கி எழுந்த மனிதன் தன் பெயரையும் தன் வீட்டையும் பிறரை வினவி அறிவதில்லை. இரவு முழுவதும் அறிவு ஒடுங்கிக் கிடப்பினும், நினைவு அவனை விட்டு நீங்காது உடன்கிடந்து, விழித்த அக்கணமே அவனுக்குத் துணையாகின்றது. கணிப்பொறிக்கோ அப்பேறு இல்லை. மின்சாரம் நின்றவுடன் அதன் உள்நினைவாகிய ராம் முற்றும் வெறுமையாகிவிடுகின்றது. மறுபடி மின்சாரம் வந்து அது கண்விழிக்கும்போது, தான் யார், தன் தொழில் யாது, தன் பொருள்கள் எங்கே உள்ளன என்பனவற்றுள் ஒன்றையும் அறியாது நிற்கின்றது. அவையெல்லாம் அதன் உடலோடு பொருத்தப்பட்ட ஹார்டு டிஸ்க் என்னும் வட்டிலே எழுதப்பட்டிருத்தலின், அவ்வட்டை நாடி, அதனைப் படித்து, மெல்ல மெல்லத் தன்னிலை பெறுகின்றது.

அங்ஙனமாயின், வட்டே இல்லாத கணிப்பொறி எவ்வாறு விழித்தெழும்? அதற்குரிய எழுத்து முழுவதும் வேறோர் அறையில், வேறொரு பெட்டியில், நூறு பொறிகளின் எழுத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருப்பின், அவ்விடத்தை அஃது எங்ஙனம் அறியும்? அங்கே செல்லும் வழியை அறிவதற்கே நினைவு வேண்டுமன்றோ?

இது விளையாட்டு வினா அன்று. பலருக்கு ஒருங்கே பணிபுரியும் சர்வர் என்னும் பெருங்கணிப்பொறிகளுள் பல, தமக்கென ஒரு வட்டும் இன்றி, சேமிப்பு வலை எனப்படும் ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்கின் வாயிலாகவே விழித்தெழுகின்றன. அவை எழும் வகையையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும், கணிப்பொறிக் கலையைப் பாடமாகப் பயிலாத மாணவர்க்கும் விளங்குமாறு கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட் என்னும் சொல்

கணிப்பொறியை எழுப்புதலைப் 'பூட்' செய்தல் என்று வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் பூட்ஸ் என்பது உயர்ந்த காலணி. அதனை இழுத்து மாட்டுதற்கென மேற்புறத்தே ஒரு வார் தைக்கப்பட்டிருக்கும். ஒருவன் தன் காலணியின் வாரைத் தானே பற்றி, தன்னைத்தானே மேலே தூக்கிக்கொண்டான் என்பது, நடவாத செயலைக் குறிக்க அம்மொழியில் எழுந்த வழக்கு. கணிப்பொறியின் முதற்செயலும் இத்தகையதே. வட்டிலுள்ள நிரலைப் படித்தற்கு ஒரு நிரல் வேண்டும். அந்நிரலைப் படித்தற்கு வேறொரு நிரல் வேண்டும். இச்சங்கிலியின் முதற்கண்ணியை யாரேனும் வெளியிலிருந்து கொடுத்தாலன்றிப் பொறி எழமாட்டாது.

1952-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 701 என்னும் பொறியில் 'லோடு' என்றொரு பொத்தான் இருந்தது. அதனை அழுத்தினால், துளையிட்ட அட்டையினின்றோ, காந்த நாடாவினின்றோ, காந்த உருளையினின்றோ முதற்சொல் ஒன்று உள்நினைவுக்குள் வந்து சேரும். அச்சொல்லே அடுத்தவற்றை அழைத்துக்கொள்ளும். 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு பொறியிலோ, முகப்பிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, முதல் நிரலை மனிதனே தன் விரல்களால் ஊட்டவேண்டியிருந்தது.

இக்காலத்தில் அவ்வேலையைச் செய்வது ஃபர்ம்வேர் என்னும் நிரலாகும். அது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில், மின்சாரம் நின்றாலும் அழியாதவாறு பதிக்கப்பட்டிருக்கின்றது. பழைய பொறிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர், புதியனவற்றில் யூ.இ.எஃப்.ஐ. என்று பெயர். பயாஸானது வட்டின் தலைப்பிலுள்ள 512 பைட்டுகளை மட்டும் படித்து, அவற்றுள் இறுதி இரண்டும் உரிய முத்திரையைத் தாங்கியுள்ளனவா என்று நோக்கி, தாங்கியிருப்பின் ஆட்சியை அந்நிரலிடம் ஒப்புவித்து ஒதுங்கும். யூ.இ.எஃப்.ஐ.யானது வட்டில் இதற்கெனவே ஒதுக்கப்பட்ட பகுதியில் உரிய கோப்பைத் தேடி எடுத்து இயக்கும். எம்முறையாயினும், அச்சிறு நிரல் அடுத்து இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை அழைக்க, கெர்னல் மற்ற யாவற்றையும் எழுப்புகின்றது.

ஈண்டு ஒன்று கருத்திற் கொள்ளத்தக்கது. வட்டில்லாப் பொறி என்பது ஒன்றுமே இல்லாப் பொறி அன்று. ஃபர்ம்வேர் என்னும் சிறுவிதை அதன் கையிலும் உண்டு. அவ்விதைக்கு உள்வட்டைக் காட்டுவதற்குப் பதிலாகத் தொலைவிலுள்ள வட்டைக் காட்டவேண்டும். அதுவே நாம் ஆராயப் புகுந்த கலையின் சாரம்.

வட்டை நீக்கியது ஏன்?

வட்டில்லாப் பொறி புதிதாகத் தோன்றியதன்று. 1980-களில் வட்டுகள் விலை மிகுந்திருந்தன. ஆதலின் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் போன்ற நிறுவனத்தார், வட்டில்லாத மேசைப் பொறிகளைச் செய்து விற்றனர். ஒரு பெரும்பொறியில் மட்டும் வட்டுகள் இருக்கும். ஏனைய சிறுபொறிகள் ஈதர்நெட் கம்பி வழியே தம் கோப்புகளை அதனிடமிருந்து பெறும். அதற்கு வேண்டிய விதிகளும் அக்காலத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வகுக்கப்பட்டன. சிறு கோப்பொன்றை வலை வழியே கொண்டுவரும் டி.எஃப்.டி.பி. என்னும் முறைக்குரிய விதி 1981-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெயரறியாப் பொறி தன் முகவரியைக் கேட்டறியும் ஆர்.ஏ.ஆர்.பி. 1984-லும், அம்முகவரியோடு எழுதற்குரிய கோப்பின் பெயரையும் ஒருங்கே கேட்டறியும் பூட்பி 1985-லும் வெளிவந்தன. பின்னர்ப் பூட்பியின் வழித்தோன்றலாக டி.எச்.சி.பி. என்பது எழுந்தது. இவ்விரண்டையும் டி.எஃப்.டி.பி.யோடு சேர்த்து, எல்லாப் பொறிகட்கும் பொதுவான வலைவழி எழுச்சிமுறையாக 1999-ல் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்டதே பி.எக்ஸ்.இ.யின் 2.1-ஆம் பதிப்பு.

அன்று வட்டை நீக்கியது சிக்கனம் கருதி. பின்னர் நீக்கியது வேறு காரணம் பற்றி. ஒரு நிலையத்தில் நூறு சர்வர்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவுதற்காக ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டுகள் வைப்பது வழக்கம். ஆகவே வட்டுகள் இருநூறு. அவை இடைவிடாது சுழலும் பொருள்களாதலின், கணிப்பொறியின் உறுப்புக்களுள் விரைவிற் பழுதுறுவனவற்றுள் சேர்ந்தவை. அன்றியும், வட்டு உடலோடு பிணைந்திருப்பதால், தாய்ப்பலகை எரிந்துவிட்டால் நல்ல வட்டும் அதனோடு முடங்கிக் கிடக்கும். நூறு பொறிகளின் எழுத்தையும் ஒரே பெட்டகத்தில் திரட்டி வைத்து, காவலும் பிரதியும் ஒருங்கே செய்யின், உடல் வேறு உயிர் வேறு எனப் பிரித்தவாறாகும். உடல் அழியினும் உயிர் தங்கும்.

சேமிப்பு வலை யாது?

பழைய முறைக்கும் சேமிப்பு வலைக்கும் உள்ள வேறுபாட்டை நூலகத்தை உவமையாக்கி விளக்குவோம். நூலகத்திற்குச் சென்று நூலின் பெயரைக் கூறினால், நூலகர் உள்ளே சென்று எடுத்துத் தருகிறார். அஃது எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் உள்ளதென்பது அவர்க்கே தெரியும், நமக்குத் தெரியவேண்டுவதில்லை. கோப்புகளைப் பெயர் கூறிப் பெறும் முறை இதனை ஒக்கும். இனி, தொலைவிலுள்ள ஒரு கிடங்கில் நமக்கென ஓர் அலமாரியை வாடகைக்குக் கொண்டோம் எனக் கருதுக. கிடங்குக்காரனுக்கு நம் நூல்களின் பெயர் தெரியாது. "ஐந்நூற்றேழாம் தட்டிலுள்ளதைக் கொடு" என்றால் கொடுப்பான். "இதனை அறுநூறாம் தட்டில் வை" என்றால் வைப்பான். எத்தட்டில் எந்நூல் என்னும் பட்டியல் நம்மிடமே உண்டு. சேமிப்பு வலை இவ்விரண்டாம் முறையைச் சார்ந்தது.

பெட்டகத்திலுள்ள பல வட்டுகளையும் ஒன்றாகத் திரட்டி, அதனினின்று வேண்டிய அளவுள்ள கூறுகளை வகுத்து, ஒவ்வொரு சர்வருக்கும் ஒன்றைக் கொடுக்கின்றனர். அக்கூறுக்கு லன் என்று பெயர். சர்வர் அதனைத் தன்னுடைய சொந்த வட்டென்றே கருதிக்கொள்கின்றது. தான் படிக்கும் எழுத்து கண்ணாடி இழை வழியே தொலைவிலிருந்து வருகின்றதென்பதை அதிலுள்ள இயங்குதளத்தின் பெரும்பகுதி அறியாது. இருவரும் பேசும் மொழி ஸ்கஸி என்பது, 1986-ல் தரப்படுத்தப்பட்டது. அம்மொழியைச் சுமந்து செல்லும் பாதைகளுள் சிறப்புடையன இரண்டு. ஒன்று, 1994-ல் தரப்படுத்தப்பட்ட ஃபைபர் சேனல். மற்றொன்று, எங்கும் பரந்துள்ள டி.சி.பி.-ஐ.பி. வலையிலேயே ஸ்கஸியை ஏற்றிச் செல்லும் ஐ-ஸ்கஸி.

தொலைவு காரணமாகத் தாமதம் நேராதோ என்று ஐயுறலாம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒரு கிலோமீட்டர் சென்று மீள்வதற்கு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கே ஆகும். நிமிஷத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு முறை சுற்றிவருவதற்கோ அதனினும் எண்ணூறு மடங்குக்கு மேற்பட்ட காலம் வேண்டும். எனவே பெட்டகம் அடுத்த கட்டடத்தில் இருப்பினும் தொலைவு ஒரு பொருட்டன்று.

ஃபைபர் சேனல் வழியே எழுதல்

இனிச் சர்வர் எழும் வகையைப் படிப்படியாகக் காண்போம். வட்டில்லாச் சர்வரில் ஹோஸ்ட் பஸ் அடாப்டர் என்றோர் அட்டை செருகப்பட்டிருக்கும். அவ்வட்டைக்குப் பிறப்பிலேயே 64 பிட் நீளமுள்ள ஒரு பெயர் உண்டு. உலகில் வேறெந்த அட்டைக்கும் அப்பெயர் வாராதவாறு வகுக்கப்பட்டிருத்தலின், அதனை வேர்ல்டு வைடு நேம், அஃதாவது உலகப்பெயர் என்பர். அட்டையிலேயே ஒரு சிறு எழுச்சி நிரலும், எந்த உலகப்பெயருடைய பெட்டகத்தின் எத்தனையாம் லன்னை நாடவேண்டும் என்னும் குறிப்பும், அழியா நினைவில் எழுதப்பட்டிருக்கும்.

மின்சாரம் வந்ததும் ஃபர்ம்வேர் தன் உறுப்புக்களைச் சோதித்து, அட்டையிலுள்ள அந்நிரலை எழுப்புகின்றது. அட்டை தன் இழை சென்று சேரும் ஸ்விட்ச்சை நோக்கி, "இன்ன பெயருடையேன் வந்துள்ளேன்" என்று முதலில் அறிவிக்கின்றது. ஸ்விட்ச் அதற்கு 24 பிட் நீளமுள்ள ஒரு முகவரியை வழங்குகின்றது. பெயர் பிறப்போடு வந்தது. முகவரியோ நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பின்னர் அட்டை, வலையின் பெயரேட்டைக் காக்கும் பணியகத்தை அணுகி, தான் நாடும் பெட்டகத்தின் முகவரியை வினவுகின்றது. முகவரி கிடைத்ததும் பெட்டகத்தில் நுழைவு கோரி, ஸ்கஸி மொழியில் பேச உடன்பாடு செய்துகொண்டு, "எனக்குரிய லன்கள் யாவை?" என்று கேட்கின்றது. குறிப்பிலுள்ள லன் அவற்றுள் காணப்படின், அதன் தலைப்பகுதியைப் படித்துத் தருமாறு வேண்டுகின்றது. இவ்வளவும் மிகச் சிறுபொழுதில் நிகழ்ந்து முடிகின்றன.

இவ்வழியில் இரண்டு காவல்கள் உள்ளன. எந்தப் பெயருடையார் எவரோடு பேசலாம் என்பதை ஸ்விட்ச்சில் வகுத்தல் ஸோனிங் எனப்படும். எந்தப் பெயருடையார்க்கு எந்த லன் கண்ணிற்படலாம் என்பதைப் பெட்டகத்தில் வகுத்தல் லன் மாஸ்க்கிங் எனப்படும். முன்னது தெருவாயிற் காவல். பின்னது அறைவாயிற் காவல். இரண்டும் வேண்டும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஐ-ஸ்கஸி வழியே எழுதல்

ஃபைபர் சேனலுக்குத் தனி அட்டையும் தனி ஸ்விட்ச்சும் வேண்டுதலின் செலவு மிகுதி. 2004-ஆம் ஆண்டில் விதியாக வெளிவந்த ஐ-ஸ்கஸி, சாதாரண ஈதர்நெட்டிலேயே இவ்வேலையைச் செய்கின்றது. இதில் பெட்டகத்தின் பெயர் எழுத்தாலேயே அமைந்திருக்கும். அப்பெயரில், பெயரிட்ட நிறுவனத்தின் இணையப்பெயரோடு ஓர் ஆண்டும் மாதமும் சேர்த்தெழுதப்படும். இணையப்பெயர் இன்று ஒருவருக்கும் நாளை மற்றொருவருக்கும் உரியதாதல் கூடுமாகையால், எக்காலத்து உரிமையாளர் இட்ட பெயர் என்பதை அவ்வாண்டும் மாதமும் காட்டுகின்றன.

எழும் பொறி தன் முகவரியை அறியாது. ஆதலின் முதற்கண், "யாரேனும் எனக்கு முகவரி தருவீரோ?" என்று வலையிலுள்ளார் எல்லாரும் கேட்கக் கூவுகின்றது. டி.எச்.சி.பி. பணிபுரியும் சர்வர் அதனைச் செவியுற்று, முகவரியையும், நாடவேண்டிய பெட்டகத்தின் முகவரி, பெயர், லன் எண் ஆகியவற்றையும் ஒருங்கே தெரிவிக்கின்றது. இவற்றை எவ்வரிசையில் எழுதித் தரவேண்டும் என்பதற்கும் 2005-ல் ஒரு விதி வகுக்கப்பட்டது. அதன்பின் பொறியானது பெட்டகத்தின் 3260 என்னும் எண்ணுள்ள வாயிலை அணுகி, வேண்டுமாயின் கடவுச்சொல்லால் தன்னை மெய்ப்பித்து, லன்னைப் பெறுகின்றது. எழுச்சி நிரல் இல்லாத பழைய அட்டையாயினும் கவலையில்லை, ஐ-பி.எக்ஸ்.இ. என்னும் இலவச நிரலை வலை வழியே முதலில் வரவழைத்து, அதனைக்கொண்டு இவற்றைச் செய்யலாம்.

ஆட்சி கைமாறும் கணம்

நிற்க. வட்டில்லா எழுச்சியில் மிக்க இடரான கட்டம் ஒன்றுண்டு. தொடக்கத்தில் வட்டைப் படிப்பவன் ஃபர்ம்வேர். சிறிது பொழுதில் அவ்வேலையைக் கெர்னல் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆனால் கெர்னலுக்கோ லன்னை அடைவதற்குரிய டிரைவர் என்னும் நிரல் வேண்டும். அந்த டிரைவரோ லன்னிலேயே உள்ளது! ஆற்றின் நடுவே ஓடம் மாறுபவன், ஒரு காலை எடுக்குமுன் மற்றொரு காலை ஊன்றிக்கொள்ள வேண்டுவது போல, பழைய துணை நீங்குமுன் புதிய துணை ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இதற்கென லினக்ஸ் இயங்குதளத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. கெர்னலை ஏற்றும்போதே, வேண்டிய டிரைவர்களும் சிறு கருவிகளும் அடங்கிய ஒரு பொதியை ஃபர்ம்வேரின் உதவியாலேயே உள்நினைவில் இறக்கிவிடுகின்றனர். கெர்னல் கண்விழித்ததும் அப்பொதியைப் பிரித்து, டிரைவரை எடுத்துக்கொண்டு, தானே லன்னை நாடிச் செல்கின்றது. ஐ-ஸ்கஸி முறையில் ஃபர்ம்வேரானது, தான் அறிந்த முகவரிகளையும் பெயர்களையும் ஒரு பட்டியலாக உள்நினைவில் எழுதி வைத்துவிட்டே ஒதுங்குகின்றது. கெர்னல் அதனைப் படித்து, விட்ட இடத்தினின்று தொடர்கின்றது. அப்பொதியில் உரிய டிரைவரைச் சேர்க்க மறந்தார் எனின், பொறி பாதிவழி எழுந்து, தன் வேர்க்கோப்புகளைக் காணாது திகைத்து நின்றுவிடும். இம்முறையைப் புதிதாகக் கையாள்வார் முதலில் இடறும் படி இதுவே.

கூடு விட்டுக் கூடு பாய்தல்

இனி நன்மைகளைக் கூறுவாம். சித்தர்கள் ஓருடலை விடுத்து வேறோருடலிற் புகுவர் என்று கதைகளிற் கேட்டுள்ளோம். வட்டில்லாச் சர்வர் அதனை மெய்யாகவே செய்கின்றது. ஒரு பொறியின் தாய்ப்பலகை எரிந்துவிட்டால், அதனைக் கழற்றி வைத்துவிட்டு, அதே வகையான மற்றொரு பொறிக்கு அந்த லன்னைக் காட்டினாற் போதும். முன்னைப் பொறி விட்ட இடத்திலுள்ள எழுத்தோடும் பெயரோடும் புதிய பொறி எழுந்து நிற்கும். 2009-ஆம் ஆண்டில் ஸிஸ்கோ நிறுவனத்தார் வெளியிட்ட யூ.ஸி.எஸ். என்னும் தொகுதியில், உலகப்பெயர் முதலிய அடையாளங்களையும் பொறியினின்று பிரித்து ஓர் ஏட்டில் எழுதி வைத்து, வேண்டிய பொறிக்கு அவ்வேட்டைச் சூட்டும் வசதியும் செய்யப்பட்டது. அடையாளமே மாறாதபடியால், ஸ்விட்ச்சிலும் பெட்டகத்திலும் உள்ள காவல்களைத் திருத்தவும் வேண்டுவதில்லை.

அன்றியும், இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன் பெட்டகத்திலேயே லன்னுக்கு ஒரு நிழற்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். புதியது ஒவ்வாதாயின் பழைய நிலைக்கு விரைவில் மீளலாம். ஒரு லன்னைச் செம்மையாக ஆயத்தம் செய்து, அதனினின்று ஐம்பது பிரதிகள் எடுத்து, ஐம்பது சர்வர்களை ஒரே பகலில் எழுப்பலாம். பெட்டகத்தின் எழுத்தை வேறோர் ஊரிலுள்ள பெட்டகத்திற்கு இடைவிடாது அனுப்பிக்கொண்டிருப்பின், ஓரூரில் வெள்ளமோ தீயோ நேர்ந்தாலும் மற்றோரூரில் அவை எழுந்து பணியைத் தொடரலாம்.

இடர்கள்

நன்மை பெரிதாயின் அதற்கேற்ற எச்சரிக்கையும் பெரிதாதல் வேண்டும். முதலாவது, ஒரு லன்னுக்கு ஒரு சர்வரே உரியது. எழுதுகோல் பிடித்த இருவர் ஒரே ஏட்டில், ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாது எழுதினால் ஏடு என்னாகும்? அதுபோல, எந்தத் தட்டில் எது உள்ளது என்னும் பட்டியலை ஒவ்வொரு சர்வரும் தன் உள்நினைவில் வைத்துக்கொண்டிருத்தலின், இருவர் ஒரே லன்னில் எழுதப் புகின், சிறுபொழுதில் அதிலுள்ள கோப்புகள் குலைந்து பயனற்றுப்போம். பழைய பொறியின் மின்சாரத்தை நீக்காமலே அதன் லன்னைப் புதிய பொறிக்குக் காட்டுதல் இக்காரணம் பற்றியே பெரும்பிழையாகும். லன் மாஸ்க்கிங் என்னும் அறைவாயிற் காவல் எதற்கென்பது இப்பொழுது விளங்கும்.

இரண்டாவது, பாதை ஒன்றாக இருத்தலாகாது. உள்வட்டுள்ள பொறியில் வலை அறுந்தால் பேச்சுமட்டும் நிற்கும். வட்டில்லாப் பொறியிலோ உயிரே ஊசலாடும். ஆதலின் இரண்டு அட்டைகளும், இரண்டு ஸ்விட்ச்சுகளும், பெட்டகத்தில் இரண்டு வாயில்களும் அமைத்து, ஒன்று தடைப்பட்டால் மற்றொன்றின் வழியே செல்லுமாறு செய்கின்றனர். இயங்குதளம் எழுந்தபின் இரு பாதைகளையும் அறிந்தால் மட்டும் போதாது; எழுச்சிக் குறிப்பிலேயே இரண்டாம் பாதையையும் எழுதி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, எல்லாப் பொறிகளும் ஒருங்கே எழுதல். ஒரு சர்வர் எழுவதற்கு 500 மெகாபைட் படிக்கவேண்டும் எனக் கொண்டால், நூறு சர்வர்களுக்கு 50,000 மெகாபைட் ஆகும். வினாடிக்கு 800 மெகாபைட் கொண்டுவரும் ஒரே இழை மட்டும் இருப்பின், ஒரு நிமிஷத்திற்கு மேல் அஃது இடைவிடாது நிறைந்தோடவேண்டும். சுழலும் வட்டுகள் அங்குமிங்கும் தேடி எடுக்குங்கால் இன்னும் பல மடங்கு காலமாகும். ஆகவே அவற்றை வரிசையாக எழுப்புதலே அறிவுடைமை.

இம்மூன்றினும் நுண்ணியதொரு நான்காம் இடர் உண்டு. அதனை நாம் கண்ணாரக் கண்ட ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம்.

பல ஆண்டுகட்கு முன் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், சர்வர்கள் யாவும் ஐ-ஸ்கஸி முறையில் எழுவன. ஓரிரவு மின்சாரம் நெடுநேரம் நின்று, பாட்டரிகளும் தீர்ந்து, எல்லாம் அவிந்தன. மறுநாள் மாதக் கடைசி. ஊழியர்தம் சம்பளக் கணக்கு அப்பொறிகளுள் ஒன்றிலிருந்தது. நள்ளிரவில் மின்சாரம் மீண்டதும் சர்வர்கள் சில நிமிஷங்களில் கண்விழித்துப் பெட்டகத்தை நாடின. பெட்டகமோ தன் வட்டுகளையெல்லாம் சோதித்து முடித்து ஆயத்தமாவதற்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. மறுமொழி காணாத சர்வர்கள், வட்டு இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றன. வரிசை தவறியது என உணர்ந்து, பெட்டகம் ஆயத்தமாகும்வரை காத்திருந்து மறுபடி எழுப்பினோம். அப்பொழுதும் ஒன்றேனும் எழவில்லை.

காரணம் விளங்க ஒரு மணி நேரமாயிற்று. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வர்கள் அங்கே இரண்டு இருந்தன. முன்னாளில் அவற்றிற்கு உள்வட்டு உண்டு. எல்லாம் ஒரே ஒழுங்காக இருத்தல் நலமென்று கருதி, அவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வட்டில்லாப் பொறிகளாக்கியிருந்தோம். ஒன்று உறங்கி எழும்போதெல்லாம் மற்றொன்று விழித்திருந்து அதற்கு முகவரி கொடுத்தது. ஆதலின் பிழை வெளிப்படவேயில்லை. அவ்விரவிலோ இரண்டும் ஒருங்கே உறங்கிவிட்டன. முகவரி கொடுப்பவனே முகவரி வேண்டிக் கூவிக்கொண்டிருந்தான், கேட்பார் ஒருவருமில்லை. பெட்டியைப் பூட்டி, அதன் திறவுகோலை அப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்ட கதை ஆயிற்று.

ஒரு சர்வரின் ஃபர்ம்வேரில் முகவரியையும் பெட்டகத்தின் நீண்ட பெயரையும் கையாலேயே எழுதி எழுப்பலாம் என்று துணிந்தோம். ஆனால் அப்பெயர்கள் அடங்கிய குறிப்பும் அதே பெட்டகத்திலுள்ள ஒரு கோப்பிலன்றோ இருந்தது! நல்லூழாக, எம்முள் இளையவரான ஓர் ஊழியர், பொறிகளை அமைத்த நாளில் அவற்றைத் தம் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அவ்வெழுத்தைப் பார்த்து ஒன்றை எழுப்பினோம். அது மற்றதை எழுப்பியது. பொழுது புலருமுன் எல்லாம் எழுந்தன. சம்பளமும் உரிய நாளில் கிடைத்தது. அன்று முதல் அவ்விரு சர்வர்களுள் ஒன்றுக்கு மீண்டும் ஒரு சிறு உள்வட்டைப் பொருத்தினோம். குறிப்பைத் தாளில் அச்சிட்டு அறைக்கதவின் உட்புறத்தே ஒட்டினோம்.

முடிவுரை

இத்துறை மேலும் வளர்ந்துகொண்டே இருக்கின்றது. சுழலும் வட்டுகளின் இடத்தைப் பிடித்துள்ள ஃபிளாஷ் வட்டுகளுக்குரிய என்.வி.எம்.இ. என்னும் புதுமொழியை வலை வழியே கொண்டுசெல்லும் விதி 2016-ல் வெளிவந்தது. அவ்வழியிலும் பொறிகளை எழுப்புதற்குரிய விதி 2022-ல் வெளிவந்தது. மற்றொருபுறம், சிறு ஃபிளாஷ் வட்டுகள் மலிந்துவிட்டமையால், இயங்குதளத்தை மட்டும் பொறியினுள்ளேயே வைத்து, ஏனைய தரவையெல்லாம் வலையில் வைப்பாரும் உளர். எவ்வழி சிறந்ததென்பது நிலையத்தின் அளவையும் ஊழியரின் திறனையும் பொறுத்தது. ஐந்து சர்வர் உள்ள இடத்தில் வீண் சுமையாவது, ஐந்நூறு உள்ள இடத்தில் பெருந்துணையாதல் கூடும்.

எவ்வழியை மேற்கொள்ளினும் ஒன்றை மறத்தலாகாது. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்து நிற்கலாம், சார்தல் குற்றமன்று. ஆயின் அச்சங்கிலியின் அடியில், பிறர் உதவியின்றித் தானே எழக்கூடிய ஒன்று இருந்தே தீரவேண்டும். அஃது எது என்பதை ஒவ்வொரு நிலையத்தாரும் விளக்கெரியும் காலத்திலேயே வினவி அறிந்து, ஆண்டுக்கொருமுறையேனும் எல்லாவற்றையும் ஒருங்கே அணைத்து எழுப்பிச் சோதித்தல் வேண்டும். நாளை இப்பொறிகளின் காவலை ஏற்கவிருக்கும் நம் மாணவர், எழுப்பும் கலையைக் கற்பதோடு, முதலில் எழ வேண்டுவது யாது என்னும் வினாவையும் தம்மொடு கொண்டு செல்வாராக. உடன் ஒரு பென்சிலும் நோட்டுப் புத்தகமும் கொண்டு செல்வாராயின், அதுவும் நன்றே.